டேங்கை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்: விமானப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு விமானம் ஓட்டக் கற்பிக்கும் மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கும், அவர்களிடம் கற்றவர்களைச் சோதித்து உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். சிறு விமானங்களின் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விமானம் ஓட்டும் கலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எரிபொருள் டேங்கிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் வழியைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டு என்று நம்புகிறேன். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஒரு மாணவரோ உரிமம் பெற்ற விமானியோ தாம் இதுவரை ஓட்டாத ஒரு விமானத்தில் தனியாகப் புறப்பட நீங்கள் ஒப்புதல் அளிக்கும் முன், அவர் இருக்கைப் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, பார்வையைக் காக்பிட்டுக்கு வெளியே வைத்தபடி, ஒரு கை கட்டுப்பாட்டுக் கோலை விட்டு நகராமல், மற்றொரு கையால், இயந்திரத்துக்கு எரிபொருள் தரும் டேங்கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். முதலில் தரையில், இயந்திரம் நின்றிருக்கும்போது. பிறகு போதிய உயரத்தில், இறங்குவதற்கு ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது. அவரால் இயலவில்லை என்றால், காரணம் அவராக இருந்தாலும் விமானமாக இருந்தாலும், ஒப்புதல் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது என் மனத்தில் இருப்பது 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், பசிபிக் குரோவ் கரையோரம் நடந்த விபத்து. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் அதில் இறந்தார். பாடகர் என்பதால் உலகெங்கும் செய்தியானது. அத்தோடு, பிரபலம் ஒருவர் பெட்ரோல் போடாமல் பறந்து விழுந்தார் என்ற ஒற்றை வரியாகவும் சுருங்கிப் போனது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் பயிற்றுநராகிய உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் 'பெட்ரோல் போடு' என்று நீங்கள் ஏற்கெனவே எல்லா மாணவருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அவர் கற்றுக்குட்டியும் அல்ல. 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர், லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானத்தை ஓட்டும் தகுதி பெற்றவர், பறத்தலைத் தம் தந்தையிடம் கற்றவர். அந்தத் தந்தை அமெரிக்க விமானப்படையில் பி-58 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டி வேகச் சாதனைகள் படைத்தவர். டென்வருடைய மருத்துவச் சான்று அப்போது செல்லுபடியாகும் நிலையில் இல்லை என்பதும் உண்மை. குடிப்பழக்கத்தின் பேரில் அது மறுக்கப்பட்டிருந்தது. ஆனால் பிரேதப் பரிசோதனையில் மதுவின் தடயமே இல்லை. விபத்தின் காரணங்களில் அது இடம்பெறவும் இல்லை. ஊர்வாய்க்கு அது சுவையான செய்தி என்பதால் மட்டுமே இங்கே ஒரு வரி எழுதிக் கடக்கிறேன்.

அவர் வாங்கிய விமானம் லாங்-ஈஸீ. பர்ட் ரூட்டான் வடிவமைத்து, வரைபடங்களை விற்று, ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் கண்ணாடி இழையால் கட்டிக்கொண்ட வகை. சிறு இறக்கை முன்னால், பெரிய இறக்கையும் இயந்திரமும் பின்னால், இருவர் ஒருவர் பின் ஒருவராக அமரும் இருக்கைகள். இரு இறக்கை அடிகளிலும் தலா 26 கேலன், அதாவது ஏறக்குறைய 98 லிட்டர் கொள்ளும் டேங்குகள். இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு டேங்கிலிருந்து மட்டுமே குடிக்கும். எந்த டேங்க் என்பதைச் செலக்டர் வால்வு தீர்மானிக்கும். ரூட்டானின் வரைபடப்படி அந்தக் கைப்பிடி விமானியின் இரு கால்களுக்கு இடையே, குனியாமலே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த விமானத்தைக் கட்டியவரோ எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரவே கூடாது என்று எண்ணி, வால்வைப் பின்னால் கொண்டுபோய், கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்புறம் வைத்தார். எண்ணம் நல்லதுதான், தீ விபத்துக்கு அஞ்சிய மனிதர். ஆனால் அந்தக் கைப்பிடியில் எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறியீடுகூட இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்களிலும் அளவுக்கோடு இல்லை; அவையும் விமானியின் முதுகுக்குப் பின்னால், பின் இருக்கைப் பகுதியில் இருந்தன.

விபத்துக்கு முந்தைய நாள்தான் டென்வர் இந்த விமானத்தைச் சாந்தா மரியாவிலிருந்து மான்டரேக்கு ஓட்டி வந்தார். அதற்கு முன் தரையிலும் வானிலுமாகச் சேர்த்து அவருக்குக் கிடைத்த அறிமுகம் சுமார் அரை மணி நேரம்.

மறுநாள் மாலை மான்டரேயில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பராமரிப்புத் தொழில்நுட்பர் உதவிக்கு நிற்கிறார். செலக்டர் கைப்பிடி எட்டவில்லை, திருப்பவும் கடினமாக இருக்கிறது என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு வைஸ்-கிரிப் குறடைக் கைப்பிடியில் கவ்வவைத்து நீட்டிப் பார்க்கிறார்கள். பட்டை கட்டிய நிலையில் அப்போதும் எட்டவில்லை. தேவைப்பட்டால் ஆட்டோ பைலட்டைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்கிறேன் என்கிறார் டென்வர். தொழில்நுட்பர் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து, வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால் பங்குக்கும் குறைவு என்று சொல்கிறார். தோளுக்கு மேலாக அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு ஆய்வுக் கண்ணாடியையும் கொடுக்கிறார். எரிபொருள் நிரப்பட்டுமா என்ற பேச்சு வருகிறது. ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்று பதில் வருகிறது.

என்னைப் போன்ற பராமரிப்பு ஆளுக்கு அந்தக் குறடு மறக்க முடியாத பொருள். ஒரு கட்டுப்பாட்டை எட்டக் கருவிப் பெட்டியிலிருந்து குறடு தேவைப்படுகிறது என்றால், அந்த நிமிடமே விமானம் கொட்டகைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அங்கே நின்ற இருவருக்கும் குறை தெரியாமலில்லை. அதை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் அவர்கள் கவனம் போயிற்று, பறக்கலாமா என்பதில் போகவில்லை. கண்ணாடியைக் கொடுத்ததும் அந்த வகை உதவிதான்.

ஓடுபாதையைத் தொட்டதும் மீண்டும் மேலெழும் 'டச் அண்ட் கோ'வை மூன்று முறை செய்துவிட்டு விமானம் மேற்கே கடலோரம் போனது. மாலை 5.28 அளவில், சில நூறு அடி உயரத்தில், இயந்திரம் வெடித்துத் திணறும் ஓசை எழுந்து பிறகு அடங்கியதைக் கரையில் இருந்த பலர் கேட்டனர். விமானம் திடீரெனச் சரிந்து, மூக்கு கீழாகக் கடலில் விழுந்தது. மீட்கப்பட்ட செலக்டர் வால்வு எந்த டேங்குக்கும் முழுதாகத் திறக்காமல் இடைப்பட்ட நிலையில் இருந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். உங்கள் தொழிலுக்கு நேரடியாக வேண்டியது அதுதான். அதே அமைப்புள்ள இருக்கையில் விமானிகளை உட்கார வைத்து, கைப்பிடியைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்கள். வலப்பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள் பட்டையைத் தளர்த்த வேண்டும். மேலுடலை 90 பாகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு வலக்கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அப்படி உடலை முறுக்கும்போது ஊன்றிக்கொள்ள, அவர்களுடைய வலது கால் தன்னையறியாமல், விமானத்தின் மூக்கை வலப்பக்கம் திருப்பும் வலது ரடர் பெடலை அழுத்தியது. தாழ்ந்த உயரத்தில் இயந்திரம் திணறும்போது ரடரை முழுதாக மிதித்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1999 ஜனவரியில் வாரியம் தன் முடிவை அறிவித்தது. கைப்பிடியைத் திருப்பும் முயற்சியில் கவனம் சிதறியதும், வலது ரடரைத் தவறுதலாக அழுத்திக் கட்டுப்பாட்டை இழந்ததும் முதற்காரணம். புறப்படும் முன் திட்டமிடாததும் எரிபொருள் நிரப்பாததும் உடன்காரணம். குறியீடற்ற கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவு, குறியீடற்ற அளவுக் குழாய்கள், புதிய வகைக்கு மாறுவதற்குப் போதிய பயிற்சி இல்லாமை, அந்த வகையில் அனுபவக் குறைவு ஆகியவை துணைக்காரணிகள். கவனியுங்கள்: டேங்குகள் இரண்டும் வறண்டு போனதால் விழுந்தது என்று வாரியம் சொல்லவில்லை. குறைந்த எரிபொருள் அவரை டேங்க் மாற்றும் நெருக்கடிக்குத் தள்ளியது. டேங்க் மாற்றும் செயல்தான் விமானத்தைக் கவிழ்த்தது.

வாரியம் வரிசைப்படுத்தியதில் பயிற்சிக் குறைவு கடைசியில் துணைக்காரணியாக நிற்கிறது. சட்ட நோக்கில் அது சரியாக இருக்கலாம். என் கணிப்பில் அதற்கு இன்னும் முன்னால் இடம் தந்திருக்க வேண்டும். கைப்பிடியைக் கட்டுநர் வைத்த இடம் பல ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்தது; அதற்கு முன் அந்த விமானத்தை ஓட்டியவர்கள் அந்தக் குறையோடு பழகிப் போயிருந்தார்கள். புதியவர் அதை ஒருமுறை, உயரத்தில், அருகில் ஒருவர் இருக்கச் செய்து பார்த்திருந்தால், தம் கால் எங்கே போகிறது என்பதை அன்றே அறிந்திருப்பார்.

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு இது புரியும். வண்டி திணறத் தொடங்கியதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடக்கையை முழங்காலுக்குக் கீழே விட்டு, பெட்ரோல் குழாயை 'ரிசர்வ்'க்குத் திருப்புவோம். கற்றுக்கொடுத்தவர் வண்டி நிற்கும்போதே நாலு முறை திருப்பச் சொல்லியிருப்பார். அந்தக் குழாயை இருக்கைக்குப் பின்னால் வைத்த வண்டியை எவரும் வாங்கியிருக்க மாட்டோம்.

வீட்டில் கட்டிய விமானங்களுக்கு மட்டும் உரிய கதை இது என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கொட்டகையில் நிற்பவற்றையே எடுத்துக்கொள்வோம். செஸ்னா 172-இல் செலக்டர் நடுவில் இருக்கிறது. அதில் 'இரண்டும்' என்ற நிலை உண்டு. அதில் பயிலும் மாணவர் பல மாதங்கள் அந்தக் கைப்பிடியைத் தொடாமலே பறக்க முடியும், பறக்கவும் செய்கிறார். அவரே பிறகு பைப்பர் செரோக்கி வகையில் ஏறுகிறார். அங்கே இடது, வலது என இரண்டே நிலை, 'இரண்டும்' கிடையாது. கைப்பிடி இடப்பக்கச் சுவரில், விமானியின் இடது காலுக்கு அருகில் இருக்கிறது. வலது இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்கள் கைக்கு அது எளிதில் எட்டாது. அதாவது, மாணவர் மறந்தாலோ தவறாகத் திருப்பினாலோ காப்பாற்ற உங்கள் கை அங்கே இல்லை. இரண்டு விமானங்களுக்கும் வேகம், இறக்கை மடிப்பின் (ஃபிளாப்) கோணம், இறங்கும் தோரணை என்று எத்தனையோ வேறுபாடுகளை, புதிய விமானத்துக்கு ஒப்புதல் தரும் 'செக் அவுட்'டில் சொல்லித் தருகிறீர்கள். செலக்டரை மட்டும் சோதனைப் பட்டியலில் ஒரு வரி வாசித்துக் கடப்பது வழக்கமாகிவிட்டது.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. அமெரிக்க வாரியம் 2017-இல் விமானிகளுக்கு ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையான காலத்தில் எரிபொருள் தீர்ந்தோ வந்துசேராமலோ ஏற்பட்ட விபத்துகள் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதுக்கும் மேல். எரிபொருள் தொடர்பான விபத்துகளில் 56 விழுக்காடு முற்றிலும் தீர்ந்ததால் நேர்ந்தவை. 35 விழுக்காட்டில் விமானத்தில் எரிபொருள் இருந்தும் இயந்திரத்துக்குப் போகவில்லை. 95 விழுக்காட்டில் விமானியின் பிழைக்குப் பங்கு உண்டு, கருவிக் கோளாறு வெறும் 5 விழுக்காடு. இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்தியது வேறொரு எண்: சிக்கியவர்களில் 48 விழுக்காட்டினர் வணிக உரிமமோ அதற்கு மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் 2 விழுக்காடு மட்டுமே. மாணவர் உங்கள் கண்காணிப்பில் இருக்கும்வரை டேங்கின் மூடியைத் திறந்து பார்க்கிறார். உங்களை விட்டுப் போன பிறகுதான் பார்ப்பதை நிறுத்துகிறார்.

அளவுமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் பக்கத்துப் பிழை. சிறு விமானங்களின் டேங்கில் மிதவை ஒன்று மேலும் கீழும் அசைந்து ஊசியை நகர்த்துகிறது. திரும்பும்போதும் குலுங்கும்போதும் ஊசி ஆடும். வயதான விமானத்தில் மிதவை ஒட்டிக்கொண்டு, காலியான டேங்குக்கும் கால் பங்கு காட்டும். நாங்கள் சரிசெய்து அனுப்புவோம். அடுத்த மாதம் மீண்டும் அதே புகார் வரும். ஆகவே இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த டிப் ஸ்டிக்கை உள்ளே விட்டு, நனைந்த கோடு காய்வதற்குள் படிப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. வேறொரு விமானத்தின் குச்சியை எடுத்து அளப்பது அளக்காமல் விடுவதை விட மோசம். சரிவான இடத்தில் 172-ஐ நிறுத்தும்போது செலக்டரை 'இரண்டும்' நிலையில் விட்டால், மேட்டுப் பக்க டேங்கிலிருந்து பள்ளப் பக்கத்துக்கு எரிபொருள் ஓடிவிடும் என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள். 56 கேலன் கொள்ளும் 172-எஸ் விமானத்தில் பறக்கப் பயன்படுவது 53 கேலன்தான் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எரிபொருள் இருந்தும் இயந்திரத்துக்குப் போகாத நிலை எவ்வளவு கொடியது என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று இருக்கிறது. 2013 நவம்பர் 29 இரவு காவல்துறையின் ஈசி135 ஹெலிகாப்டர் கிளாஸ்கோ நகரின் கிளத்தா மதுக்கூடத்தின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த மூவரும், கீழே இருந்த எழுவரும் இறந்தனர். விழுந்த ஹெலிகாப்டரில் சுமார் 76 கிலோ எரிபொருள் இருந்தது. ஏறக்குறைய எல்லாமே முதன்மை டேங்கில். அங்கிருந்து இயந்திரங்களுக்கு ஊட்டும் சிறு டேங்குகளுக்கு அதை ஏற்றும் பம்புகளின் சுவிட்சுகள் அணைந்த நிலையில் இருந்தன. எரிபொருள் குறைவு எச்சரிக்கை ஐந்து முறை ஒலித்திருந்தது. பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கையேடு சொல்லும் எச்சரிக்கை அது. அந்த விமானியும் அனுபவசாலிதான். ஏன் இறங்கவில்லை என்பதற்கு விசாரணைகளால் விடை காண முடியவில்லை.

என் வேண்டுகோளுக்கு வரும் மறுப்புகளை அறிவேன். பறக்கும் மணிக்குக் கட்டணம் கூடிவிட்ட நிலையில் கூடுதல் பத்து நிமிடம் யார் தலையில் விழும் என்று கேட்பீர்கள். தரையில் செய்வதற்குக் கட்டணமே இல்லை. வானில் செய்வது எப்படியும் நடக்கும் பயிற்சிப் பறப்பின் ஒரு பகுதியாக அடங்கிவிடும். வானில் டேங்க் மாற்றுவதே ஓர் அபாயம் என்றும் சிலர் சொல்வர். அபாயம்தான். அதனால்தான் மூவாயிரம் அடியில், ஓடுபாதைக்கு மேலே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அது நடக்க வேண்டும். ஐந்நூறு அடியில் இயந்திரம் நின்றால் 172 போன்ற விமானம் மிதந்து போகக்கூடிய தூரம் ஒன்றரைக் கிலோமீட்டரை எட்டாது. கையில் இருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வறண்ட குழாயில் எரிபொருள் மீண்டும் ஏறி இயந்திரம் பற்றிக்கொள்ளவே அதில் பல வினாடிகள் போய்விடும். மீதியில் கைப்பிடியைத் தேட நேரமில்லை. ஆட்டோ பைலட் இருக்கிறதே என்பாருக்கு மான்டரேயில் சொல்லப்பட்டதும் அதே பதில்தான் என்பதை நினைவூட்டுகிறேன்.

குறைந்தபட்ச எரிபொருள் இருப்பைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க விதிப்படி பகலில் கண்பார்வைப் பறப்புக்கு முப்பது நிமிட இருப்பும், இரவில் நாற்பத்தைந்து நிமிட இருப்பும் போதும். விதியை எழுதியவர்கள் அதை ஒரு தரையாக வைத்தார்கள். மாணவர்கள் அதையே இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேர இருப்பு இல்லாமல் எந்த டேங்கையும் மூடாதே என்று உங்கள் பள்ளியின் விதியில் எழுதுவதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், பழக்கமில்லாத விமானத்துக்கு மாறும் விமானிகளுக்கான வழிகாட்டிச் சுற்றறிக்கையை 2011-இல்தான் வெளியிட்டது. அது பரிந்துரையே தவிர கட்டாயம் இல்லை. கட்டாயமாக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். உங்கள் செக் அவுட் படிவத்தில் இப்படியொரு வரியைச் சேர்த்தால் போதும்: 'பட்டை கட்டிய நிலையில், வெளியே பார்த்தபடி, டேங்க் மாற்றிக் காட்டினார், கால்கள் பெடலில் அசையவில்லை.' கீழே உங்கள் கையெழுத்துக்கும், எந்த விமானம் என்று அதன் பதிவெண்ணை எழுதுவதற்கும் இடம் விடுங்கள். ஒரே வகை என்றாலும் ஒரு விமானத்தின் கைப்பிடி போல் மற்றொன்றின் கைப்பிடி திரும்புவதில்லை. இறுக்கமாகத் திரும்புகிறது என்று மாணவர் சொன்னால் அதைப் பதிவேட்டில் எழுதி, எங்கள் ஆட்களிடம் அனுப்புங்கள். அவர்கள் சரிசெய்து தரும்வரை அந்த விமானம் நிற்கட்டும்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற ஒரு விமானப் பராமரிப்புப் பணியாளன்